சீட்டியடித்த சுண்டெலியும் திரைக்குப் பின்னால் இருந்த கைகளும்



விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகல் வேளை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் படம். நீராவிப் படகொன்றின் சுக்கானைப் பிடித்தபடி, ஒரு சுண்டெலி உடலை அசைத்து அசைத்துச் சீட்டியடித்துக் கொண்டிருந்தது. என் இளைய மகன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "வாப்பா, இந்த எலியை வரைஞ்சது யாரு?"

இதென்ன பெரிய கேள்வி என்ற எண்ணத்தில், "வால்ட் டிஸ்னி" என்று விடையளித்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். ஆனால் மூத்த மகள் விடவில்லை. படத்தைத் தொடக்கத்திற்குக் கொண்டுபோய், பெயர்ப் பலகையில் நிறுத்தி வைத்து, "இல்லே வாப்பா, இதுல இன்னொரு பேரும் இருக்கு பாருங்க" என்றாள். பார்த்தேன். உண்மைதான். இது வால்ட் டிஸ்னியின் நகைச்சுவைப் படம் என்றும், ஆக்கியவர் அப் ஐவர்க்ஸ் என்றும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

இத்தனை ஆண்டுகளாக உலகமே பார்த்துக் களித்த ஒரு படத்தின் முகப்பிலேயே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. இருந்தும் அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அதனைப் பின்பற்றிச் சென்றபோது அறிந்துகொண்ட செய்திகளையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏறத்தாழ ஏழரை நிமிடமே ஓடும் அந்தப் படத்தின் பெயர் 'ஸ்டீம்போட் வில்லி'. ஆண்டு 1928.

பறிபோன முயல்

கதை ஓர் எலியிலிருந்து தொடங்கவில்லை. ஒரு முயலிலிருந்து தொடங்குகிறது.

வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் 1901ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். 1919இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில், விளம்பரப் படங்கள் வரையும் நிறுவனம் ஒன்றில் இருவரும் முதன்முதலில் சந்தித்தனர். வால்ட் பேச்சாற்றல் மிக்கவர். புதிய எண்ணங்கள் ஊற்றெடுக்கும் மனம் படைத்தவர். ஐவர்க்ஸோ கூச்ச சுபாவம் உள்ளவர். வாய் பேசாமல் கையால் பேசுபவர். குணத்தால் வேறுபட்ட இந்த இருவரையும் தொழில் நண்பர்களாக்கியது. கான்சாஸ் சிட்டியில் வால்ட் நடத்திய கார்ட்டூன் நிறுவனம் 1923இல் நொடித்துப் போயிற்று. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, தம் அண்ணன் ராய் டிஸ்னியுடன் சேர்ந்து புதிதாகத் தொழில் தொடங்கினார். பின்னர் ஐவர்க்ஸையும் அங்கே அழைத்துக் கொண்டார்.

1927இல் இவர்கள் உருவாக்கிய 'ஆஸ்வால்ட்' எனும் முயல் மக்களின் நெஞ்சைக் கவர்ந்தது. யுனிவர்சல் நிறுவனத்திற்காகச் சார்லஸ் மின்ட்ஸ் என்பவர் வழியாக அப்படங்கள் வெளியாயின. 1928இன் தொடக்கத்தில் வால்ட் நியூயார்க் நகருக்குச் சென்றார். ஒரு படத்திற்குக் கிடைத்து வந்த 2,250 டாலரை 2,500 டாலராக உயர்த்தித் தருமாறு கேட்பதே அவருடைய நோக்கம். ஆனால் மின்ட்ஸ் 1,800 டாலர்தான் தர முடியும் என்றார். வால்ட் திகைத்து நின்றபோது அடுத்த இடியும் விழுந்தது. வால்ட்டிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் முன்கூட்டியே தம் பக்கம் இழுத்துக் கொண்டிருந்தார்!

சரி, ஓவியர்கள் போனால் போகட்டும், முயலாவது நம்முடையதல்லவா என்று எண்ணினால், அதுவும் இல்லை. ஒப்பந்தத்தின்படி ஆஸ்வால்டின் உரிமை முழுவதும் யுனிவர்சல் நிறுவனத்தையே சேர்ந்தது. கற்பனை செய்தவருக்கும் அதில் பாத்தியதை இல்லை, வரைந்தவருக்கும் இல்லை. தாளில் எழுதப்பட்ட சில வரிகளைச் சரிவரக் கவனியாமல் கையொப்பமிட்டதன் விலை அது.

விலகிச் செல்ல மறுத்த முதன்மை ஓவியர் ஒருவர் உண்டு. அவர்தாம் அப் ஐவர்க்ஸ்.

மறைவில் பிறந்த எலி

நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும் ரயில் பயணத்தில் ஓர் எலியின் எண்ணம் தமக்கு உதித்ததாக வால்ட் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு 'மார்ட்டிமர்' எனப் பெயரிட நினைத்தபோது, அவருடைய மனைவி லில்லியனுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. 'மிக்கி' என்ற பெயர் நிலைத்தது.

எண்ணம் எவ்வாறு உதித்திருப்பினும், அந்த எண்ணத்திற்கு உருவம் தந்த கை ஐவர்க்ஸின் கையே. அவர் அமைத்த உருவத்தை உற்றுப் பாருங்கள். தலை ஒரு வட்டம். உடல் ஒரு வட்டம். காதுகள் இரண்டு வட்டங்கள். எலி எந்தப் பக்கம் திரும்பினாலும் காது மட்டும் வட்டமாகவே தெரியும். இதில் ஒரு தொழில் நுணுக்கம் அடங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரைய வேண்டிய ஓர் உருவம் எளிமையாக இருந்தால்தானே வேகமாக வரைய முடியும்? முயலின் நீண்ட காதுகளைச் சுருக்கி வட்டமாக்கினால் பாதி எலி கிடைத்துவிடும் என்பதையும் கூர்ந்து நோக்குவோர் கண்டுகொள்வர்.

இங்கே ஒரு சிக்கல். விலகிச் செல்லவிருந்த ஓவியர்கள் இன்னும் அதே கட்டடத்தில் அமர்ந்து, மீதமிருந்த ஆஸ்வால்ட் படங்களை முடித்துக் கொண்டிருந்தனர். அவர்கள் கண்ணில் புதிய எலி பட்டுவிடலாகாது. எனவே ஐவர்க்ஸ் தனியே அமர்ந்து மறைவாக வரைந்தார். யாரேனும் வந்தால் எலியை மூடி மறைக்க வேறு படங்களை அருகிலேயே வைத்திருந்தார். 'பிளேன் கிரேஸி' எனும் அந்த முதல் மிக்கி படத்திற்காக அவர் ஒரு நாளைக்கு 700 படங்கள் வரை வரைந்ததாகச் சொல்லப்படுகிறது. சித்திரக் கலையுலகில் இன்றளவும் வியந்து பேசப்படும் வேகம் இது.

வரைந்தால் மட்டும் போதுமா? தாளில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் செல்லுலாய்டு எனும் கண்ணாடி போன்ற தகட்டின் மீது மையால் படியெடுத்து, பின்புறம் வண்ணம் பூச வேண்டும். அதன் பிறகே அதனைக் கேமரா முன் வைக்க இயலும். இந்த வேலையைச் செய்தவர்கள் யார் தெரியுமா? வால்ட்டின் மனைவி லில்லியன், ராயின் மனைவி எட்னா, லில்லியனின் சகோதரி ஹேஸல் ஆகிய மூன்று பெண்மணிகள்! லிரிக் அவென்யூ எனும் தெருவிலிருந்த வால்ட்டின் வீட்டு மோட்டார் கொட்டகையே அவர்களுக்குத் தொழிற்கூடமாயிற்று. உலகப் புகழ்பெற்ற ஓர் உருவம் ஒரு குடும்பத்துப் பெண்களின் கைகளில் வளர்ந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்வளவு பாடுபட்டும் பயன் கிட்டவில்லை. 1928 மே மாதம் 'பிளேன் கிரேஸி' சோதனையாகத் திரையிடப்பட்டது. அதனை வாங்க எந்த விநியோகஸ்தரும் முன்வரவில்லை. இரண்டாவது படமும் எடுக்கப்பட்டது. அதற்கும் அதே கதிதான்.

ஒரு நொடிக்கு 24

இதற்கிடையில் திரைப்பட உலகம் தலைகீழாய் மாறிக் கொண்டிருந்தது. 1927 அக்டோபரில் 'ஜாஸ் சிங்கர்' எனும் படம் வெளியாகி, திரையிலிருந்து மனிதக் குரல் ஒலிப்பதை மக்கள் கேட்டு வியந்தனர். பேசாப் படங்களின் காலம் முடிவுக்கு வருவதை வால்ட் உணர்ந்தார். மூன்றாவது மிக்கி படத்தை ஒலியுடனேயே தயாரிப்பது என்று முடிவு செய்தார்.

ஓசை சேர்த்த முதல் கார்ட்டூன் 'ஸ்டீம்போட் வில்லி'தான் என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மேக்ஸ் ஃபிளைஷர் என்பவர் 1920களின் நடுவிலேயே ஒலியுடன் கூடிய பாட்டுக் கார்ட்டூன்களை வெளியிட்டிருந்தார். பால் டெர்ரி என்பவரின் 'டின்னர் டைம்' எனும் ஒலிப்படமும் அதே 1928இல் வெளிவந்தது. அவ்வாறாயின் இப்படத்தின் சிறப்புத்தான் என்ன? இதில் ஓசை படத்தின் மேல் ஒட்டவைக்கப்படவில்லை. படமே தாளத்திற்கேற்ப வரையப்பட்டது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. பேசும் படத்தில் ஃபிலிம் ஒரு நொடிக்குச் சரியாக 24 பிரேம்கள் எனும் மாறாத வேகத்தில் ஓடும். ஒரு பாடலில் நொடிக்கு இரண்டு தாளம் விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் ஒரு தாளத்திற்கு 12 பிரேம்கள். எலியின் கால் பன்னிரண்டாவது பிரேமில் தரையைத் தொடுமாறு வரைந்துவிட்டால், வாத்தியக்காரர் அதே வேகத்தில் வாசிக்கும்போது ஓசையும் காலடியும் ஒன்றாகவே விழும்!

இந்தக் கணக்கிற்கு வழிகாட்டியவர் வில்பிரட் ஜாக்சன் எனும் இளைஞர். பழைய குழு பிரிந்து கொண்டிருந்த வேளையில், 1928 வசந்த காலத்தில் வந்து சேர்ந்தவர். தொழில் கற்கும் ஆவலால் ஊதியமின்றியே வந்து, பயன்படுத்திய செல்லுலாய்டு தகடுகளைக் கழுவும் வேலையைச் செய்து கொண்டிருந்தார். அவருடைய தாயார் இசை ஆசிரியை. ஆகவே மெட்ரோனோம் எனும் தாளக் கருவியைப் பற்றி அவர் அறிந்திருந்தார். கடிகாரம் போல் 'டக் டக்' என்று ஒரே சீராய் ஒலிக்கும் அக்கருவியைக் கொண்டு தாளத்தைப் பிரேம்களாகக் கணக்கிடலாம் என்று அவர் கூறினார். தகடு கழுவ வந்த இளைஞர் சொன்ன யோசனை, பின்னாளில் கார்ட்டூன் உலகம் முழுவதும் கைக்கொண்ட முறைக்கு வித்தாயிற்று. அவரே பிற்காலத்தில் புகழ்பெற்ற இயக்குநராகி, ஆமையும் முயலும் கதையைப் படமாக்கி, அதற்கு ஆஸ்கார் விருதும் கிட்டியது.

படுதாவும் பாத்திரங்களும்

பாதிப் படம் தயாரானதும் ஒரு சோதனை நடத்தினர். அந்தக் காட்சியைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள்.

ஓர் அறையில் படுக்கை விரிப்பொன்று திரையாகத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. படம் காட்டும் எந்திரத்தின் இரைச்சல் உள்ளே கேட்கலாகாது என்பதற்காக, ராய் டிஸ்னி அதனைச் சன்னலுக்கு வெளியே வைத்துக் கண்ணாடி வழியாகப் படம் காட்டுகிறார். ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஐவர்க்ஸ் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்புகிறார். ஜானி கேனன் எனும் ஓவியர் வாயாலேயே பலவித ஒலிகளை உண்டாக்குகிறார். வால்ட் பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்கிறார். அடுத்த அறையில் குடும்பத்தினரும் நண்பர்களும் சிலர் அமர்ந்து பார்க்கின்றனர்.

எலி அசைந்தது, ஓசையும் உடன் அசைந்தது! கோடுகளால் ஆன ஓர் உருவத்திலிருந்தே ஒலி பிறப்பது போன்ற அந்த மாயத்தைக் கண்டு, வாசித்தவர்களே மெய்ம்மறந்தனர். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தனர். பணமில்லாத ஒரு சிறு கூட்டத்தாரிடம், வீட்டுச் சாமான்களைக் கொண்டே ஒரு புதிய கலை பிறந்த நேரம் அது.

விற்கப்பட்ட கார்

ஆனால் திரையரங்கில் காட்ட வேண்டுமானால் முறையான ஒலிப்பதிவு வேண்டுமே! அதற்காக வால்ட் மீண்டும் நியூயார்க் சென்றார். பாட் பவர்ஸ் என்பவரின் 'சினிபோன்' எனும் ஒலிப்பதிவு முறையைத் தேர்ந்தெடுத்தார். புகழ்பெற்ற ஸ்ட்ராண்ட் திரையரங்கின் வாத்தியக் குழுத் தலைவர் கார்ல் எடுவார்டு இசையை நடத்த அமர்த்தப்பட்டார்.

1928 செப்டம்பரில் நடந்த முதல் ஒலிப்பதிவு படுதோல்வி அடைந்தது. பேசாப் படங்களுக்குத் திரையைப் பார்த்தவாறே வாசித்துப் பழகிய எடுவார்டால், இப்படத்தின் வேகத்துடன் ஒட்டிச் செல்ல முடியவில்லை. ஓசை ஒரு பக்கமும் எலி ஒரு பக்கமுமாக ஓடின. வாத்தியக்காரர்களின் கூலியும் ஒலிப்பதிவுக் கட்டணமும் வீணாயின.

கையிலிருந்த பணம் கரைந்துவிட்டது. வால்ட் தம் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார். தாம் ஆசையுடன் வைத்திருந்த 'மூன்' காரை விற்றுப் பணம் அனுப்பச் சொன்னார். ராய் அவ்வாறே செய்தார். அம்மாத இறுதியில் இரண்டாவது ஒலிப்பதிவு நடந்தது. இம்முறை ஃபிலிமிலேயே தாளத்திற்கேற்பத் துள்ளும் ஒரு பந்து அச்சிடப்பட்டது. எடுவார்டு எலியைப் பார்க்கத் தேவையில்லை. துள்ளும் பந்தைப் பார்த்துக் கையை அசைத்தால் போதும். எல்லாம் இம்மியளவும் பிசகாமல் பொருந்திற்று. படத்திற்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 5,000 டாலர்.

அதன் பின்னரும் விநியோகஸ்தர்கள் பார்த்தனர், சிரித்தனர், "பிறகு சொல்கிறோம்" என்றனர். இறுதியில் ஹாரி ரைக்கென்பாக் எனும் விளம்பர நிபுணரே கைகொடுத்தார். அவர் நியூயார்க்கின் காலனி திரையரங்கை நடத்தி வந்தார். மக்கள் விரும்பிவிட்டால் விநியோகஸ்தர்கள் தாமே தேடி வருவர் என்பது அவர் கணிப்பு. 1928 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. 'கேங் வார்' எனும் முழுநீளப் படத்திற்கு முன்பாக 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டது. அரங்கு அதிர்ந்தது. அந்த நாளே இன்றும் மிக்கியின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைய முக்கியப் படமான 'கேங் வார்' எவருக்கும் நினைவில்லை. துணைக்குக் காட்டிய ஏழரை நிமிடப் படமே வரலாற்றில் நின்றது!

கவனித்துப் பார்த்தீர்களா?

இனி இப்படத்தைப் பார்க்கும்போது சில செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு மே மாதம் வெளியான பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' எனும் படத்தின் பெயரைக் கேலியாகத் திரித்தே 'ஸ்டீம்போட் வில்லி' எனும் தலைப்பு வைக்கப்பட்டது. எலி சீட்டியடிப்பதும் 'ஸ்டீம்போட் பில்' எனும் பழைய பாட்டின் மெட்டே. மின்னியின் கையிலிருந்து விழும் 'டர்க்கி இன் த ஸ்ட்ரா' எனும் பாட்டின் இசைத்தாளை ஆடு தின்றுவிடுகிறது. அதன் வாலைச் சுழற்றியதும் வாயிலிருந்து அந்த இசை கிளம்புகிறது.

இப்படத்தில் மிக்கியின் கைகளில் வெள்ளைக் கையுறை இல்லை. அது 1929இல்தான் வந்தது. எலியை அதட்டும் பருத்த கேப்டன் பீட், மிக்கிக்கு மூத்தவர். 1925லேயே டிஸ்னியின் வேறு படத்தில் தோன்றிவிட்டார். படத்தில் ஒலிக்கும் குரல்களைத் தந்தவர் வால்ட். ஏறத்தாழ 1946 வரை மிக்கிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே.

படம் முழுக்கக் கண்ணியமான நகைச்சுவை என்று சொல்வதற்கில்லை. பூனையின் வாலைப் பிடித்து இழுத்தும், வாத்தைப் பிசைந்தும் எலி இசை எழுப்பும் காட்சிகள் உண்டு. அவற்றுள் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் விலங்கைத் துன்புறுத்தும் பகுதி, பிற்காலத்தில் பல்லாண்டுகள் வெட்டப்பட்டே காட்டப்பட்டது. சிறு பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர் இது குறித்து இரண்டு வார்த்தை பேசிவிடுவது நலம்.

பிரிந்த நண்பர்கள்

வெற்றி வந்தது. கூடவே பழைய பாடம் மறந்துபோனது.

ஒலிப்பதிவுக் கருவிகளுக்காக ஆண்டுக்கு 26,000 டாலர் வீதம் பத்தாண்டுகள் தருவதாகப் பவர்ஸுடன் வால்ட் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதனைக் கண்ட ராய் அதிர்ந்து போனார். படங்கள் ஊரெங்கும் ஓடின. ஆனால் பவர்ஸிடமிருந்து வர வேண்டிய பணம் சரிவர வரவில்லை. கணக்குக் கேட்டு வால்ட் 1930 சனவரியில் நியூயார்க் சென்றார். பவர்ஸ் கணக்கைக் காட்டவில்லை. ஒரு தந்தியைத்தான் காட்டினார். அப் ஐவர்க்ஸ் பவர்ஸிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பதே அதன் செய்தி.

அன்று மின்ட்ஸ் அழைத்தபோது போகாத அதே ஐவர்க்ஸ்! எதனால் போனார்? வேலை முறையில் இருவருக்குமிடையே மனக்கசப்பு வளர்ந்திருந்தது. ஐவர்க்ஸ் பகலில் குறித்து வைத்த பிரேம் கணக்குகளை வால்ட் இரவில் வந்து மாற்றிவிடுவார். எலியின் புகழ் முழுவதும் ஒரே பெயரைச் சுற்றியே வளர்ந்தது. சொந்தக் கூடம் அமைத்துத் தருவதாகப் பவர்ஸ் ஆசை காட்டினார். பவர்ஸ் தந்த வேலை என்பது அந்நேரத்தில் ஐவர்க்ஸுக்கே தெரியாது என்றும், இடைத்தரகர் மூலமே பேச்சு நடந்தது என்றும் கூறப்படுகிறது.

பிரியும்போது நிறுவனத்தில் ஐவர்க்ஸுக்கு இருபது விழுக்காடு பங்கு இருந்தது. அதனை அவர் 2,920 டாலருக்கு விட்டுக் கொடுத்துச் சென்றார். அந்தப் பங்கின் பிற்கால மதிப்பை எண்ணிப் பார்க்கவே தலை சுற்றுகிறது. 1932இல் மிக்கியைப் படைத்தமைக்காக வால்ட்டுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. எலிக்கு உருவம் தந்தவரோ அப்போது வேறொரு கூடத்தில் ஒரு தவளையை வரைந்து கொண்டிருந்தார்!

பெயர் மறைவது ஐவர்க்ஸுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் பிள்ளைகள் ஓயாமல் பார்க்கும் டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் முதல் படம் 1940இல் வெளிவந்தது. அதனை உண்மையில் உருவாக்கிய ஹன்னா, பார்பரா எனும் இருவரின் பெயரும் திரையில் இல்லை. ருடால்ஃப் ஐசிங் எனும் தயாரிப்பாளரின் பெயரே இருந்தது. இந்த ஐசிங்கும் ஒரு காலத்தில் வால்ட்டின் கூடத்தில் வேலை பார்த்தவரே.

முயலைப் பறித்த மின்ட்ஸ் என்னவானார் என்று கேட்கிறீர்களா? 1929இல் யுனிவர்சல் நிறுவனம் அந்த முயலை அவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. அதே ஒப்பந்தம், அதே வரிகள்!

திரும்பி வந்தவர்

ஐவர்க்ஸின் தவளை, எலியின் புகழை எட்டவில்லை. 1936இல் அவருடைய கூடம் மூடப்பட்டது. 1940இல் அவர் மீண்டும் டிஸ்னி நிறுவனத்திற்கே வந்தார். இம்முறை ஓவியராக அல்ல; கருவிகளை உருவாக்கும் வல்லுநராக. முன்னரே பழைய மோட்டார் வண்டியின் பாகங்களைக் கொண்டு புதுவகைக் கேமரா அமைத்த கைகளல்லவா அவை!

ஓவியரின் பென்சில் கோட்டை நேராகச் செல்லுலாய்டு தகட்டில் பதிக்கும் நகல் முறையை அவர் கார்ட்டூனுக்கு ஏற்றவாறு அமைத்தார். நூற்றியொரு நாய்க்குட்டிகளின் கதையைச் சொல்லும் 1961ஆம் ஆண்டுப் படம் அம்முறையாலேயே குறைந்த செலவில் முடிந்தது. ஆனால் ஒரு கதவு திறக்கும்போது மற்றொன்று மூடுகிறது. மையால் கோடு எழுதி வந்த பெண்களில் பலருக்கு அத்துடன் வேலை இல்லாமற் போயிற்று. அன்று மோட்டார் கொட்டகையில் மூன்று பெண்கள் தொடங்கிய கைத்தொழிலை, அவர்களுடன் அன்று உழைத்தவரின் கருவியே முடித்துவைத்தது.

தொழில்நுட்பச் சாதனைகளுக்காக ஐவர்க்ஸ் இருமுறை ஆஸ்கார் சிறப்புகளைப் பெற்றார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில், பறவைக் கூட்டம் மனிதரைத் தாக்கும் காட்சிகளின் தந்திர வேலைகளில் அவர் பங்கு பெரிது. 1966 டிசம்பரில் வால்ட்டும், 1971 சூலையில் ஐவர்க்ஸும் மறைந்தனர். 1999இல் அவருடைய பேத்தி தம் பாட்டனாரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பலர் அவர் பெயரை முதன்முதலாக அறிந்ததே அதன் பிறகுதான்.

யாருக்குச் சொந்தம்?

உரிமை பற்றிய கதை இத்துடன் முடியவில்லை. பழைய அமெரிக்கச் சட்டத்தின்படி 'ஸ்டீம்போட் வில்லி'யின் காப்புரிமை 1984இல் முடிந்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது 2003 வரை நீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்னும் இருபது ஆண்டுகள் நீண்டது. 2024 சனவரி 1 அன்று அப்படம் அமெரிக்காவில் பொதுச் சொத்தாயிற்று. 1928ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை எலியை இன்று அங்கே எவரும் பயன்படுத்தலாம். பிற்காலத்து உருவங்கள் பலவும் வணிகச் சின்னமும் மட்டும் நிறுவனத்திடமே உள்ளன.

பறிபோன முயலும் வீடு திரும்பியது. 2006இல் ஒரு விளையாட்டு வருணனையாளரை வேறொரு தொலைக்காட்சிக்கு விட்டுக் கொடுப்பதற்கு ஈடாக, ஆஸ்வால்டின் உரிமையை டிஸ்னி நிறுவனம் பெற்றுக்கொண்டது. ஒரு மனிதருக்கு மாற்றாக ஒரு முயல்! 78 ஆண்டுகளுக்குப் பிறகு நேர்ந்த விந்தை இது.

வாசக நேயர்களே! கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தின் கடைசி வரி வரை படியுங்கள். இது எலிக்கும் முயலுக்கும் மட்டுமன்று; நம் வீட்டு மனைக்கும், பிள்ளைகளின் வேலைக்கும், வெளிநாட்டுப் பயணத்திற்கும் பொருந்தும். அதனினும் மேலாக, ஒரு வேலையில் உடனிருந்து உழைத்தவரின் பெயரை உரிய நேரத்தில் சொல்லப் பழகுவோம். பெயரைப் பலகையில் எழுதிவிட்டாற் போதாது. வாயாலும் சொல்ல வேண்டும். நண்பர்கள் பிரிவது பெரும்பாலும் பணத்தால் மட்டும் அன்று.

இறுதியாக, பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றின் மூலையில் ஒரு பந்தை வரையச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தில் சற்றுக் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே, பின் மேலே. இவ்வாறு பன்னிரண்டு பக்கங்கள் வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டினால் பந்து துள்ளும். ஒரு சிறு துள்ளலுக்கே இத்தனை உழைப்பு என்றால், ஏழரை நிமிடத்திற்கு எவ்வளவு? படத்தில் ஓடுவது பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பிரேம்கள்!

என் இளைய மகன் பன்னிரண்டு பந்துகளை வரைந்து முடித்தபோது இரவாகிவிட்டது. விரலை உதறிக்கொண்டே அவன் சொன்னான்: "வாப்பா, அந்த ஐவர்க்ஸுக்குக் கை ரொம்ப வலிச்சிருக்கும், இல்லே?"

ஆம் மகனே. நிச்சயம் வலித்திருக்கும்.